டைபாய்டுக் கிருமியின் கள்ள ஓலை

மதிலை வளைத்துப் பொருவதை உழிஞை என்றும், வளைக்கப்பட்ட மதிலைக் காத்து நிற்பதை நொச்சி என்றும் நம் இலக்கண நூலார் பெயரிட்டனர். ஆயினும், வலிமையால் வீழ்ந்த கோட்டைகளினும் வஞ்சனையால் வீழ்ந்தவை பல என்பதை வரலாறு கற்பார் அறிவர். போரில் பன்முறை தோற்ற முத்தநாதன், மெய்ப்பொருள் நாயனாரின் அரண்மனைக்குள் படையொடு புகவில்லை. அடியார் வேடம் பூண்டு, ஏட்டுக் கட்டினுள் கத்தியை மறைத்துக்கொண்டு புகுந்தான். வேடத்தைக் கண்ட காவலர் வணங்கி வழிவிட்டனர். கொலை நிகழ்ந்த பின்னரும், அரசன் ஆணையால் காவலனாகிய தத்தனே அவனை ஊறின்றி எல்லை கடத்திவிட்டான் என்பது பெரியபுராணத்தில் நம் நெஞ்சை உருக்கும் இடம். நம் உடம்பாகிய கோட்டையினுள்ளும் இவ்வாறே ஒரு பகை புகுகின்றது. காவலர் தாமே அதனைச் சுமந்து உள்ளூர் எங்கும் கொண்டு செல்கின்றனர். அதன் வரலாற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். இலக்கியம் பயிலும் நமக்கு இப்பொருள் அயலதன்றோ எனச் சிலர் வினவக்கூடும். நோய் பாடம் பார்த்து வருவதில்லை. ஆதலின் அதனைப் பற்றிய அறிவும் ஒரு வகுப்பாருக்கே உரியதாக இருத்தல் கூடாது.

நாம் குறிக்கும் பகை, ஊர்ப்புறத்தார் விஷக்காய்ச்சல் என்று அஞ்சும் டைபாய்டு சுரத்தை விளைக்கும் கிருமியாகும். 1880ஆம் ஆண்டில் எபெர்த் என்பார் இதனை நோயுற்றோர் உறுப்புக்களில் கண்டார். 1884இல் காஃப்கி என்பார் தனியே வளர்த்துக் காட்டினார். ஸால்மனெல்லா என்னும் பெருங்குடியைச் சேர்ந்த இதற்கு டைபி என்பது பெயர். நோயாளியின் மலத்திலிருந்து நீரிலும் உணவிலும் கலந்து பிறர் வாய்வழிப் புகுவதே இதன் பயணம். புகுந்தவுடன் காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் ஒரு வாரமோ இரு வாரமோ கழிந்த பின்னரே உடல் காயத் தொடங்கும். தக்க மருந்தின்றேல் மூன்று நான்கு வாரம் நீளும். சிலருக்குக் குடலிற் புண்ணாகித் துளை விழுந்து உயிருக்கே இறுதியாகும். திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சிறுமலைச் சாரலை நோக்கியிருக்கும் எங்கள் சின்னாளப்பட்டி போன்ற நெசவூரில், தறியில் அமர்பவர் ஒரு திங்கள் படுத்தால் தறியும் உடன் படுக்கும். வீட்டில் அடுப்பும் தயங்கும். ஆகவே இந்நோய் மருத்துவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

கிருமி புகுந்த நாளுக்கும் காய்ச்சல் தோன்றும் நாளுக்கும் இடையே அது என் செய்கின்றது? இவ்வினாவுக்கு விடை கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில்தான் தெளிவாகக் கிடைத்தது. அதனை அறிவதற்கு முன் நம் உயிரணுவின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

உயிரணு என்பது நீர் நிறைந்த வெறும் பையன்று. அதன் உறைக்கு அடியில் ஆக்டின் என்னும் புரதத்தாலாகிய நூல்கள் பின்னிக் கிடக்கின்றன. உயிரணுவுக்கு வடிவு தருவனவும், அஃது அசையவும் நீளவும் சுருங்கவும் துணை செய்வனவும் இந்நூல்களே. தறியில் ஏற்றிய பாவு, புடவை முடியும்வரை பாவாகவே இருக்கும். உயிரணுவின் நூலோ அத்தகையதன்று. ஒரு முனையிற் புதிது புதிதாக நூற்கப்பட்டும் மறு முனையிற் பிரிந்து உதிர்ந்தும் கணந்தோறும் மாறிக்கொண்டிருக்கும். எவ்விடத்தில் நெய்வது, எப்பொழுது நிறுத்துவது என்பதை நடத்தும் மேற்பார்வையாளர் போன்ற சில புரதங்கள் உள்ளன. அவற்றுள் ராக், சிடிசி-42 என்னும் இரண்டும் நமக்கு வேண்டியவை. இவை விளக்கின் விசை போல ஏற்றிய நிலை, இறக்கிய நிலை என இரண்டு நிலையுடையன. ஏற்றிவிட வேறு புரதங்களும், இறக்கிவிட வேறு புரதங்களும் நம் உயிரணுவிலேயே உண்டு. அவற்றின் ஓலை வந்தாலன்றி மேற்பார்வையாளர் நெசவைத் தொடங்குவதில்லை.

இனிக் கிருமியின் செயலைக் காண்போம். சிறுகுடலின் கடைப்பகுதியில் பேயர் திட்டுக்கள் எனப்படும் இடங்கள் உள. குடலில் வருவனவற்றுட் சிறிது எடுத்து உள்ளிருக்கும் காவலணுக்களுக்குக் காட்டும் வாயில்கள் அவை. டைபாய்டுக் கிருமி அவ்வாயிலையும் நாடுகின்றது. வாயிலல்லாத குடற்சுவரணுக்களையும் நாடுகின்றது. சுவரணுக்கள் இயல்பாகப் பிறவற்றை விழுங்குவன அல்ல. எனினும் கிருமி அவற்றை விழுங்கச் செய்கின்றது. அதற்கு உரிய கருவி அதன் மேனியில் நிறுத்தப்பட்ட ஊசி போன்ற ஓர் அமைப்பாகும். 1998இல் இவ்வமைப்பினைத் தனியே பிரித்தெடுத்து எலக்ட்ரான் நுண்பெருக்கியாற் கண்டனர். கிருமி இவ்வூசியின் வழியே தான் ஆக்கிய புரதங்களை நம் உயிரணுவினுட் செலுத்துகின்றது.

அங்ஙனம் செலுத்தப்படுவனவற்றுள் ஒன்றற்குச் சாப்-ஈ என்று பெயர். இஃது உள்ளே சென்று செய்யும் வேலை யாதெனில், ராக், சிடிசி-42 என்னும் மேற்பார்வையாளரின் விசையை ஏற்றிவிடுவதேயாகும். உயிரணுவின் சொந்தப் புரதம் தர வேண்டிய ஓலையை அயலான் ஒருவன் தந்துவிட்டான். மேற்பார்வையாளர் ஓலையைக் கண்டனரேயன்றி, எழுதிய கையைக் கண்டிலர். உடனே கிருமி ஒட்டிய இடத்தில் ஆக்டின் நூல்கள் விரைந்து நெய்யப்படுகின்றன. சிப்-சி, சிப்-ஏ என்னும் வேறு இரு புரதங்கள், நூல் தொடங்கவும் தொடங்கிய நூல் பிரியாமல் இருக்கவும் உதவுகின்றன. சில நிமிடங்களில் உயிரணுவின் உறை அலை போல் எழுந்து, கிருமியைச் சூழ்ந்து மடிந்து, உள்ளே இழுத்துக்கொள்கின்றது. பகைவன் மதிலை இடிக்கவில்லை. மதிலே வளைந்து அவனை உள்ளே அழைத்துக்கொண்டது.

இதில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்ற நான்காக வகுத்தார் என்று நாம் படித்திருக்கின்றோம். சாப்-ஈயின் வடிவை ஆராய்ந்தவர்கள், அது நம் உயிரணுவில் அதே தொழில் செய்யும் புரதங்களை வடிவில் ஒத்திருக்கவில்லை என்று கண்டனர். இரண்டும் வெவ்வேறு மடிப்புடையன. செய்யும் தொழிலோ ஒன்று. எனவே இது மெய்யுவமம் அன்று, வினையுவமம் என்னலாம். இக்குடிக் கிருமிகள் செலுத்தும் மற்றொரு புரதமாகிய எஸ்.பி.டி.பி. என்பதோ வேறு வகையினது. ஏற்றிய விசையை மீண்டும் இறக்கும் நம் புரதங்கள் எந்த விரலால் அத்தொழிலைச் செய்கின்றனவோ, அதே போன்ற விரலால் இதுவும் செய்கின்றது. ஒரு புரதம் ஏற்ற, மற்றொன்று இறக்க, எழுந்த அலை அடங்கி உயிரணு பழைய வடிவை அடைகின்றது. இரண்டும் ஒருங்கே செலுத்தப்பட்டால் ஒன்றையொன்று கெடுக்காவோ எனின், கெடுப்பதில்லை. உயிரணு தன் குப்பையை அழிக்கும் முறையால் சாப்-ஈ விரைவில் அழிந்துவிடுகின்றது, எஸ்.பி.டி.பி. நெடுநேரம் நிற்கின்றது. இதனை 2003இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. திறப்பவன் முன்னே போய்விடுகிறான். அடைப்பவன் பின்னே நிற்கிறான்.

ஈண்டு ஒன்று சொல்லுதல் கடன். மேற்கூறிய ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை டைபாய்டுக் கிருமியில் அன்றி, அதன் உடன்பிறப்பாகிய டைபிமுரியம் என்னும் கிருமியில் நிகழ்ந்தவை. சுண்டெலியிலும் வளரக்கூடிய அதனைக் கையாளுதல் எளிது. உடன்பிறந்தார் எல்லாவற்றிலும் ஒத்திருப்பர் என்று கொள்ளுதல் தவறு. டைபாய்டுக் கிருமியில் எஸ்.பி.டி.பி. உள்ளதேனும் அது சரிவரச் செலுத்தப்படுவதில்லை என்று 2017இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

மற்றும், கிருமிக்குச் சூழ்ச்சி என்றும் வஞ்சனை என்றும் நாம் கூறுவதெல்லாம் தற்குறிப்பேற்ற அணியே என்பதை மறத்தலாகாது. அதற்கு மனமும் இல்லை, பகையும் இல்லை. எண்ணிறந்த தலைமுறைகளில் எவ்வகைக் கிருமி பிழைத்ததோ அதன் வழியே எஞ்சிற்று. கம்பன் மிதிலைக் கொடிகளை அசைவித்து அழைக்கச் செய்தான். காற்றே அசைத்தது என்பதை நாம் அறிவோம். அவ்வறிவோடு இவ்வணியைக் கையாளுதலில் குற்றமில்லை.

நிற்க. குடற்சுவரைக் கடந்த கிருமியை எதிர்கொள்வன விழுங்கணுக்கள். கிருமிகளை விழுங்கி, ஓர் அறையில் இட்டு, அவ்வறையோடு செரிக்கும் நீர் நிறைந்த பைகளைச் சேர்த்து அழிப்பது அவற்றின் தொழில். ஸால்மனெல்லாக் குடிக்கு இரண்டாவது ஊசி ஒன்றும் உண்டு. அஃது இவ்வறையில் இருந்துகொண்டே வேறு சில புரதங்களை வெளியே செலுத்துகின்றது. உயிரணுவினுள் சரக்குகளை ஏற்றிச் செல்லும் நுண்குழாய்ப் பாதைகளை அவை தம்வயப்படுத்தி, அறையின் உறையைத் தமக்கேற்ப நீட்டுகின்றன; அழிக்க வரும் சரக்கையும் திசைதிருப்புகின்றன. சிறைக்கூடமே விருந்தினர் விடுதியாகின்றது. காவலணுவோ தன்னுள் பகைவன் இருப்பதறியாது கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை என ஊர் சுற்றுகின்றது. பகைவனை எல்லை கடத்திய தத்தன் நிலையே இதன் நிலையும். ஆயின் தத்தன் அறிந்து செய்தான். இஃது அறியாது செய்கின்றது.

இத்தனை நாளும் உடம்பு ஏன் கூக்குரலிடவில்லை? டைபாய்டுக் கிருமி வி-ஐ எனப்படும் சர்க்கரைப் போர்வை ஒன்றைப் போர்த்திருக்கின்றது. இப்போர்வையை 1934இல் ஃபீலிக்ஸ், பிட் என்னும் இருவர் கண்டறிந்தனர். நம் காவலணுக்கள் பகையென அறியும் மேற்பரப்புக் குறிகளை இஃது மறைக்கின்றது. போர்வையை நெய்ய ஏவும் புரதமே கிருமியை நீந்தச் செய்யும் வாலின் புரதத்தையும் குறைத்துவிடுகின்றது. அவ்வால்தான் நம் காவலர் எளிதில் அறியும் அடையாளம். ஆதலின் உடன்பிறப்பாகிய டைபிமுரியம் குடலிற் புகுந்த ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கை எழுப்ப, டைபாய்டுக் கிருமியோ ஓசையின்றி உள்ளே பரவுகின்றது. இதனோடு டைபாய்டு நஞ்சு என்னும் புரதமும் அதனிடம் உண்டு. இதன் வடிவை 2013இல் வெளியிட்டனர். உயிரணுவின் மரபுப் பொருளை வெட்டும் ஒரு கூறும் இதில் உளது. சுண்டெலியில் இதனை ஏற்றியபோது டைபாய்டின் குறிகள் பல தோன்றின. அதனால் நோயின் முழு விளக்கமும் கிடைத்துவிட்டதெனப் பலர் மகிழ்ந்தனர். ஆனால் தாமே முன்வந்தோர்க்கு, மருத்துவர் காவலில், நஞ்சு நீக்கிய கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோது அவர்க்கும் டைபாய்டு வந்தது. இது 2019இல் வெளியாயிற்று. சுண்டெலி கூறியதை மனிதர் உடம்பு அப்படியே ஒப்பவில்லை.

இவ்வளவு திறம் வாய்ந்த கிருமிக்கு ஒரு பெருங்குறை உண்டு. 2001இல் இதன் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, இருநூறுக்கு மேற்பட்ட மரபணுக்கள் சிதைந்து கிடக்கக் கண்டனர். செல்லரித்த ஏட்டில் சொற்கள் போல, இடம் உண்டு, பொருள் இல்லை. உடன்பிறப்பினிடம் உள்ள ஜி.டி.ஜி.ஈ. என்னும் புரதமும் இதனிடம் இல்லை. விழுங்கணுவினுள் ராப்-32 என்னும் புரதம், கிருமி இருக்கும் அறைக்குக் கொல்லும் பொருள் சென்று சேர வழிசெய்யும். டைபிமுரியம் அதனை ஜி.டி.ஜி.ஈ.யால் வெட்டிவிட்டுச் சுண்டெலியில் வாழ்கின்றது. டைபாய்டுக் கிருமி வெட்ட இயலாமையின் சுண்டெலியின் விழுங்கணுவில் மாள்கின்றது. அவ்வொரு புரதத்தை அதற்குத் தந்து பார்த்தபோது அங்கே அது பிழைத்திருந்தது என 2012இல் ஸ்பானோ, காலான் என்னும் இருவர் வெளியிட்டனர். மனிதர் உடம்பில் வாழ்வதில் தேர்ச்சி பெற்ற இக்கிருமி, பிற உயிர்களிடத்து வாழும் வழியை இழந்துவிட்டது. ஆட்டிலும் மாட்டிலும் எலியிலும் பறவையிலும் இதற்குப் புகலிடம் இல்லை; மனிதரே இதற்கு ஒரே வீடு.

இவற்றை அறிவதனால் வரும் பயன் யாது? முதலாவது, கிருமி உயிரணுவினுள்ளே ஒளிந்து வாழ்வதென அறிந்தால், காய்ச்சல் தணிந்த நாளே நோய் தீர்ந்த நாளன்று என்பது விளங்கும். இரண்டு நாள் மாத்திரை உண்டு, உடம்பு குளிர்ந்ததும் மிச்சத்தை அலமாரியில் வைத்துவிட்டுத் தறிக்கு மீளும் வழக்கம் நம்மூர்களில் உண்டு. உள்ளிருப்பவை மீண்டும் தலையெடுக்க அதுவே வாயில். மருத்துவர் குறித்த நாளெல்லாம் மருந்துண்ணல் வேண்டும்.

இரண்டாவது, மருந்தை வீணே வழங்குதலின் தீமை. 1948இல் மலேயாவின் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் என்னும் மருந்து டைபாய்டைத் தீர்ப்பது கண்டு உலகம் வியந்தது. அதற்கு முன் செவிலியின் பணிவிடையும் நோயாளியின் ஆயுளுமே மருந்து. கால் நூற்றாண்டு செல்லுமுன், 1972இல், நம் அண்டை மாநிலமாகிய கேரளத்துக் கோழிக்கோட்டில் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டுக் கிருமி காணப்பட்டது. பின் வந்த மருந்துகளிற் பலவும் அவ்வாறே வலியிழந்தன. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய கிருமிக்கு எஞ்சி நின்ற மருந்துகள் மிகச் சிலவே. எல்லாக் காய்ச்சலையும் டைபாய்டென்று கொண்டு மருந்தளித்தல் இதற்கு ஒரு காரணம். 1896 முதல் வழங்கும் விடால் சோதனை பன்முறை பிழைபடுவது. இரத்தத்திற் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே அதனினும் நம்பத்தக்கது.

மூன்றாவது, நோய் நீங்கியோருள் சிலர் பித்தப்பையிற் கிருமியைப் பல்லாண்டு தாங்கியிருப்பர். தமக்கு யாதொரு துன்பமும் தோன்றாது. நியூயார்க்கில் சமையற்பணி செய்த மேரி மாலன் என்பாள் அத்தகையள். 1907இல் அவள் வழியே நோய் பரவியது கண்டறியப்பட்டது. 1938இல் இறக்கும்வரை வாழ்நாளில் இருபதாண்டுக்கு மேல் அவளைத் தனியே வைத்திருந்தனர். அவள் குற்றவாளியல்லள், அவளுடைய உடம்பு அவளறியாமல் ஏமாற்றப்பட்டது. நோயைத் தாங்குவோரை வெறுப்பதினும், கையைச் சோப்பிட்டுக் கழுவுதலையும், சாக்கடை நீர் குடிநீர்க் குழாயொடு கலவாமற் காத்தலையும் நாம் மேற்கொள்ளுதல் நன்று. சின்னாளப்பட்டிக்கு அருகே 1947இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகிய டாக்டர் சௌந்தரம் அம்மையார் ஒரு மருத்துவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நோயாளிக்கு மருந்து கொடுத்தலோடு மருத்துவர் பணி முடிவதில்லை. ஊரைத் திருத்துதலும் அதனுள் அடங்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நான்காவது தடுப்பு மருந்து. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று 2017 முதல் 2020 வரை நடத்திய ஆய்வில், வேலூர் உள்ளிட்ட நான்கு இடங்களில் ஏறத்தாழ 24,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். நகரப் பகுதிகளில் டைபாய்டு மிகுந்திருப்பதும், புனே நகருக்கு அருகேயுள்ள சிற்றூர்ப் பகுதியில் மிகக் குறைந்திருப்பதும் அதனால் தெரியவந்தன. முடிவுகள் 2023இல் வெளியாயின. இதற்கிடையே நம் நாட்டிலேயே ஆக்கப்பட்ட புதுத் தடுப்பு மருந்தினை 2018இல் நவி மும்பை மாநகராட்சி குழந்தைகளுக்குப் பரவலாக அளிக்கத் தொடங்கிற்று.

அம்மருந்தின் அமைப்பு நம் பொருளுக்கு முடிவுரையாக அமைந்துளது. கிருமி தன்னை மறைத்துக்கொள்ளும் வி-ஐ போர்வையையே எடுத்து உடம்புக்குக் காட்டுதல் முன்னரும் இருந்த முறை. ஆயின் சர்க்கரையாலாகிய அப்போர்வையை மட்டும் காட்டினால் பச்சிளங் குழந்தைகளின் காவலணுக்கள் கற்றுக்கொள்வதில்லை. கற்ற பெரியோரும் சில ஆண்டுகளில் மறந்துவிடுவர். அதனால் அப்போர்வையை ஒரு புரதத்தோடு பிணைத்தனர். அப்புரதம் யாது? இழுப்பு நோயாகிய டெட்டனஸை விளைக்கும் மற்றொரு கிருமியின் நஞ்சினை, நச்சுத்தன்மை நீக்கி எடுத்தது. ஒரு பகைவனின் படைக்கலத்தை மழுக்கி, மற்றொரு பகைவனின் மாறுவேடத்தை அடையாளம் காணக் குழந்தைகளுக்குக் கற்பிக்கின்றோம். எந்தப் போர்வையைக் கொண்டு காவலரை ஏய்த்ததோ, அதுவே இப்பொழுது கிருமியைக் காட்டிக்கொடுக்கின்றது.

மனிதரையன்றி வேறு வீடில்லாத பகை இது. அவ்வீட்டின் கதவுகளை அடைத்தால் இதற்குச் செல்லுமிடம் இல்லை. காட்டிலும் வயலிலும் ஒளிந்து வாழும் நோய்களை ஒழித்தல் அரிது. இதனை ஒழித்தல் முடியாததன்று. தூய குடிநீர், கழிவறை, முழுதும் உண்ணப்பட்ட மருந்து, குழந்தைக்குக் காலத்தில் இடப்பட்ட ஊசி ஆகிய நான்கும் எளிய பொருள்களே. இவற்றைத் தம் ஊரிற் சென்று எடுத்துரைத்தல் கல்லூரியிற் பயிலும் எவர்க்கும் இயலும். கள்ள ஓலையை உயிரணு படித்தறிய மாட்டாது. அதன் பொருட்டு நாம் படித்தறிதல் வேண்டும்.